எழுமாறு எண்களும் எமது மலையகமும்

கல்லூரியின் விழா மலரிலே பழைய மாணவர் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் சென்ற காலத்தைப் பாராட்டுவனவாகவே அமைந்துவிடுகின்றன. அன்றைய ஆசிரியரின் கண்டிப்பு, விடுதிச் சோறு, பனிமூட்டத்திலே பந்து மறைந்துபோன ஆட்டங்கள் என்பன பற்றி எழுத யாமும் அறியாதவரல்லேம். ஆயினும் இம்மலரிலே, இன்றைய மாணவர் கைக்கொண்டுள்ள ஒரு முயற்சியைப் பற்றி எமது கருத்தைக் கூற விழைகின்றோம். பழைய மாணவர்க்கு இது புதுமையாகத் தோன்றலாம். ஆனால் இதன் வேர் நமது தேயிலை மலைகளிலேயே ஒரு பகுதி ஊன்றியிருக்கின்றது என்பதை அவர்கள் போகப் போகக் காண்பார்கள்.

அண்மையில் ஒரு நாள் கல்லூரிக் கணினிக் கூடத்துக்குச் சென்றிருந்தோம். உயர்தர வகுப்பு மாணவர் சிலர் தமக்குள்ளே ஒரு போட்டி வைத்திருந்தனர். பெயர், வயது, முகவரி, மாத வருமானம் என்பன அடங்கிய ஒரு கோடி கற்பனைப் பதிவுகளைக் கணினியைக் கொண்டு எழுமாறாக ஆக்க வேண்டும். எவருடைய செய்நிரல் விரைவில் முடிக்கின்றதோ அவரே வென்றவர். ஒருவருடைய செய்நிரல் முக்கால் மணி நேரம் ஓடிற்று. மற்றொருவருடையது இரண்டு நிமிடத்தில் முடிந்தது. மாணவர் கைதட்டினர், யாமும் கைதட்டினோம். ஆனால் வீடு திரும்பும் வழியிலே ஒரு வினா எம்மை விட்டகலவில்லை. இத்துணை விரைவாகப் பிறந்த அந்த ஒரு கோடி மனிதர் யாரைப் போன்றவர்கள்? அவர்களுள் நமது தோட்டத்து மனிதர் ஒருவராவது உண்டா?

எமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். எழுமாற்றுத் தரவை விரைவாக ஆக்குவது நல்ல கலை. அதை மாணவர் கற்க வேண்டும். ஆனால் அது மூன்றாவதாகக் கற்க வேண்டிய பாடம். எண்கள் நடுநிலையுடையனவா என்பது முதற்பாடம். எந்தப் பட்டியலிலிருந்து, எந்த அச்சிலிருந்து அவை வார்க்கப்படுகின்றன என்பது இரண்டாம் பாடம். இவ்விரண்டும் இல்லாத விரைவு, தவறான பாதையில் ஓடும் குதிரையை ஒக்கும்.

எழுமாறு என்றால் என்ன? தாறுமாறு என்பது அதன் பொருளன்று. ஒவ்வொன்றுக்கும் உரிய வாய்ப்பைத் தவறாமற் கொடுத்து, அடுத்து வருவது இன்னது என எவரும் முன்கூட்டிச் சொல்ல இயலாதவாறு தெரிந்தெடுத்தலே எழுமாறாகும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர் நம் முன்னோர். அம்மொழி உண்மையே. ஆனால் பானையை நன்றாகக் கிளறிய பின்னரே அது உண்மை. மேலே நொய்ந்த சோறும் அடியிலே வேகாத அரிசியும் இருக்கும் பானையில், மேலிருந்து எடுத்த ஒரு சோறு நம்மை ஏமாற்றிவிடும். பானையைக் கிளறும் அகப்பையே எழுமாறு எண்கள்.

இவ்வுண்மை விஞ்ஞானத்தில் நிலைபெற்ற வரலாற்றிலே தேநீருக்கும் தேயிலைக்கும் பங்குண்டு. இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1919ஆம் ஆண்டு பணியேற்ற றொனால்ட் பிஷர், 1935இல் வெளியிட்ட நூலிலே ஒரு பெண்மணியின் தேநீர்ச் சோதனையைக் கூறுகின்றார். கிண்ணத்திலே பாலை முதலில் ஊற்றினார்களா, தேநீரை முதலில் ஊற்றினார்களா என்பதைச் சுவைத்தே சொல்லிவிடலாம் என்றார் அப்பெண்மணி. எட்டுக் கிண்ணங்கள், நான்கில் பால் முன்பு, நான்கில் தேநீர் முன்பு, அவற்றை எழுமாறான ஒழுங்கில் வைத்தல் வேண்டும். எட்டிலிருந்து நான்கைத் தெரிவதற்கு 70 வழிகள் உண்டு. ஆகவே ஒன்றும் அறியாத ஒருவர் குருட்டு வாய்ப்பால் முழுவதையும் சரியாகச் சொல்லுதற்கு 70இல் ஒரு பங்கு வாய்ப்பே உளது. கிண்ணங்களை வைத்தவர் தமது விருப்பப்படி வைத்திருந்தால் இந்தக் கணக்கே சொல்ல இயலாது. எழுமாறு ஒழுங்குதான் அச்சோதனைக்கு நீதிபதி.

இங்கிலாந்திலே தேநீர்க் கிண்ணத்தைக் கொண்டு விளக்கப்பட்ட இந்நெறி, நமது மலையிலே தேயிலைச் செடியினிடத்தும் வந்து சேர்ந்தது. இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் 1925ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. பின்னர் தலவாக்கலைச் சென் கூம்ஸ் தோட்டத்திலே நிலைகொண்டது. றொதம்ஸ்ரெட்டிலே பிஷருடன் சேர்ந்து ஆய்வு செய்தவரான தோமஸ் ஈடன் இந்நிறுவகத்துக்கு வந்து பணியாற்றினார். தேயிலையின் விளைச்சல் பற்றியும், தேயிலை வயற்சோதனைகளில் நேரும் வழுக்கள் பற்றியும் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை 1931ஆம் ஆண்டு வெளிவந்தது.

அவ்வழு எத்தகையது என்பதை மலையிலே பிறந்தவர்க்கு விளக்க வேண்டியதில்லை. ஒரே மலையில், உச்சியிலே மண் அரித்துப் போய்க் கல் தெரியும். பள்ளத்திலே கருமண் தங்கிச் செடி கொழிக்கும். ஒரு பக்கத்திலே காற்று வாட்டும். மறுபக்கத்திலே பனி தங்கும். புதிய உரமொன்றைப் பள்ளத்துச் செடிகளுக்கு இட்டு, பழைய உரத்தை உச்சிச் செடிகளுக்கு இட்டால், புதியது வென்றதாகவே தராசு காட்டும். வென்றது உரமா, பள்ளமா? இதற்கு மருந்து யாது? ஒத்த நிலங்களை முதலிலே தொகுதிகளாகப் பிரித்தல். பின்னர் ஒவ்வொரு தொகுதியினுள்ளும் எப்பாத்திக்கு எவ்வுரம் என்பதை ஆய்வாளரின் கண்ணும் கையும் தீர்மானியாது, எழுமாறு எண்கள் தீர்மானித்தல். மனிதக் கை எத்துணை நேர்மையானதாயினும் தான் விரும்பும் பக்கம் சாயும். அது சாய்வதை அதுவே அறியாது.

இன்னொரு செய்தியையும் இங்கே குறித்தல் தகும். 1933ஆம் ஆண்டு ஈடனும் பிராங்க் யேற்ஸ் என்பாரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். பிஷர் கூறிய சோதனை முறை, அவர் எடுத்துக்கொண்ட நிபந்தனைகளுக்கு முற்றும் பொருந்தாத உண்மைத் தரவுக்கும் நம்பத்தக்கதா என்பது கேள்வி. கோதுமைப் பயிரின் உயர அளவைகளை எடுத்து, அவற்றை எழுமாறாக ஆயிரம் முறை மாற்றி மாற்றி அடுக்கி, ஒவ்வொரு முறையும் கணித்துப் பார்த்தனர். கணினி பிறவாத காலம் அது. ஆயிரம் முறையும் மனித உழைப்பு. இன்றைய மாணவருடைய கணினி அவ்வாயிரத்தையும் கண்ணிமைக்கும் பொழுதிலே செய்து முடிக்கும். ஆனால் ஆயிரத்தைச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் கணினியிலிருந்து பிறக்கவில்லை. ஐயத்தை ஐயமாகவே விட்டுவிட மனமில்லாத இரு மனிதரிடமிருந்து பிறந்தது. விரைவைப் போற்றும் இளைஞர் இதை மறவாதிருப்பாராக.

எழுமாறு எண்களுக்கு அக்காலத்திலே பெரும் பஞ்சமிருந்தது. 1927ஆம் ஆண்டு ரிப்பெற் என்பார் குடித்தொகை மதிப்பு அறிக்கைகளிலிருந்து இலக்கங்களைப் பொறுக்கி 41,600 இலக்கங்கள் கொண்ட அட்டவணையை வெளியிட்டார். 1955இல் அமெரிக்காவின் றான்ட் நிறுவனம் மின்னியல் சுழற்பொறியொன்றைக் கொண்டு பத்து இலட்சம் இலக்கங்களை ஆக்கி நூலாக அச்சிட்டது. கதையில்லாத, பொருளில்லாத, எண்களே நிறைந்த தடித்த நூல்! ஆனால் நூலைப் புரட்டிப் பார்க்கும் வேகம் கணினிக்குப் போதாது. எனவே எண்ணொன்றை விதையாக இட்டு, அதைப் பெருக்கி வகுத்து மீதியைக் கொண்டு அடுத்த எண்ணை ஆக்கும் முறையை டெரிக் லேமர் 1949இல் எடுத்துரைத்தார். இவை உண்மையில் எழுமாறல்ல. எழுமாறு போன்று ஒழுகும் எண்கள். விதை ஒன்றாயின் வரும் வரிசையும் ஒன்றேயாம். இது குறையும் ஆகும், நிறையும் ஆகும். பின்னர் இரண்டையும் விளக்குவோம்.

இனி, விரைவுக்கு வருவோம். அக்கூடத்திலே முக்கால் மணி நேரத்தைத் தின்ற செய்நிரலை யாம் உற்று நோக்கினோம். தோட்டத்துப் பழக்கத்தைக் கொண்டே அதன் நோயை விளக்கலாம். கொழுந்து பறிக்கும் பெண் ஒவ்வோர் இலையையும் கிள்ளிய உடனே நிறுக்கும் இடத்துக்கு எடுத்துச் செல்கின்றாரா? இல்லை. கூடை நிறையும் வரை பறித்து, பின்னர் ஒருங்கே கொண்டுபோய் நிறுக்கின்றார். அச்செய்நிரலோ ஓர் எண்ணைக் கேட்டு, அதை ஒரு பதிவிலே எழுதி, அப்பதிவைத் தட்டிலே சேமித்துவிட்டு, மீண்டும் அடுத்த எண்ணைக் கேட்டது. ஒரு கோடி முறை மலை இறங்கி ஒரு கோடி முறை மலை ஏறிற்று. வென்றவரோ இலட்சம் எண்களை ஒரே அழைப்பிலே அணியாகப் பெற்று, இலட்சம் பதிவுகளை ஒரே முறையில் எழுதினார். பைதன் போன்ற மொழியிலே ஒவ்வொரு படியையும் தனித்தனி பொருள் கொண்டு இயக்குவதாற் செலவாகும் காலம், அணியாகக் கேட்கும்பொழுது பல பத்து மடங்கு குறைந்துவிடுகின்றது.

இரண்டாவது நோய், ஒவ்வோர் எண்ணுக்கும் இயக்க முறைமையின் இரகசிய ஊற்றை நாடுதல். கணினியின் உள்ளே விசைப்பலகையின் தட்டல், தட்டின் அசைவு முதலிய முன்கூற முடியாத நிகழ்ச்சிகளிலிருந்து திரட்டப்படும் ஓர் ஊற்று உண்டு. அது பூட்டும் திறவுகோலும் செய்வதற்கு உரியது. சோதனைத் தரவுக்கு அதை ஒரு முறை நாடி ஒரு விதை எண்ணைப் பெற்றாற் போதும். எஞ்சியதை மற்சுமோற்றோ, நிசிமுறா என்னும் யப்பானியர் இருவர் 1998இல் வெளியிட்ட மேர்சென் சுழற்றி போன்றதொரு படிமுறை ஆக்கித் தரும். பைதன் மொழியின் சாதாரண எழுமாறு எண்கள் அதிலிருந்தே வருகின்றன.

மூன்றாவது, படிமுறையே மந்தமாயிருத்தல். இதற்கு எமது மலையிலேயே உவமை உண்டு. காலையிலே பெரட்டுக் களத்திற் கூடிய ஆயிரம் பேருக்கு ஆயிரம் நிரைகளைச் சீட்டுப் போட்டுப் பிரிப்பதாக வைத்துக்கொள்வோம். நல்ல நிரை கிடைத்தவர் கூடை நிறையும். கடை நிரை கிடைத்தவர் கல்லையும் புல்லையும் காண்பார். ஆகவே வேண்டியவருக்கு வேண்டியது என்றில்லாமல் நிரை பிரித்தல் சிறு காரியமன்று. பிஷரும் யேற்சும் 1938இல் வெளியிட்ட அட்டவணை நூலிலே இதற்கு ஒரு முறை உளது. பெயர்களை வரிசையாக எழுதுக; எஞ்சியவர் எத்தனை பேரோ அதற்குள் ஓர் எழுமாறு எண்ணை எடுக்க; அடிபடாத பெயர்களை அவ்வெண் வரை எண்ணிச் சென்று, நின்ற பெயரை அடித்துவிட்டு வேறிடத்தில் எழுதுக. தாளிலே செய்வதற்கு இது நன்று. ஆனால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து எண்ண வேண்டியிருப்பதால், ஆயிரம் பேருக்கு இலட்சக் கணக்கான எண்ணுகைகள் வேண்டும். 1964ஆம் ஆண்டு றிச்சர்ட் டேர்ஸ்ரென்பெல்ட் என்பார் இதைக் கணினிக்கேற்பத் திருத்தினார். தெரியப்பட்ட பெயரை அடிக்க வேண்டாம். வரிசையின் கடைசிப் பெயரோடு இடம் மாற்றிவிடுக. பின்னர் வரிசையை ஒன்று குறைத்துக்கொள்க. ஆயிரம் பேருக்கு 999 இடமாற்றம். அவ்வளவே. நீதி சிறிதும் குன்றாமல் வேகம் நூறு நூறு மடங்கு பெருகிற்று. யாம் விரைவைப் பழிக்கின்றோம் என்று எவரும் கொள்ளாதிருக்கவே இதனை எடுத்துரைத்தோம்.

ஆனால் இதே வேலையை அவசரத்தாற் கெடுக்கவும் கூடும். ஒவ்வோர் இடத்தையும் வரிசையிலுள்ள எந்த இடத்தோடும் மாற்றினால் என்ன, எல்லாம் கலைதல் தானே என்று மாணவர் பலர் எண்ணுவர். மூன்று பேருக்கு மூன்று நிரை என்று வைத்துப் பார்ப்போம். மூன்று முறையும் மூன்று தெரிவு. ஆக 27 வழிகள். ஆனால் மூவர் நிற்கக்கூடிய வரிசைகள் ஆறே. 27ஐ ஆறாற் சமமாகப் பிரிக்க இயலுமா? இயலாது. ஆகவே மூன்று வரிசைகள் 27இல் ஐந்து முறையும், மற்ற மூன்று வரிசைகள் நான்கு முறையும் வரும். செய்நிரல் பிழை காட்டாது; வேகமும் குறையாது; ஆனால் ஒருவர்க்குக் கடை நிரை சற்றே கூடுதலாக நாள்தோறும் வந்துகொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஓரவஞ்சனையை விடக் கொடிது யாது?

பெரியோரும் இவ்வாறு வழுக்கியதுண்டு. 1960களில் ஐ. பி. எம். கணினிகளோடு வழங்கப்பட்ட ரான்டு என்னும் எழுமாறு ஆக்கி மிக விரைவானது. ஒரு பெருக்கலிலே வேலையை முடித்தது. ஆனால் அதன் எண்களை மும்மூன்றாக எடுத்து வெளியிலே புள்ளிகளாக இட்டால், அவை எங்கும் பரவாமல் பதினைந்து தளங்களிலே மட்டும் அடுக்கி நிற்கும். எழுமாறு எண்கள் தளங்களில் வீழ்கின்றன என்பதை ஜோர்ஜ் மார்சாலியா 1968இல் எடுத்துக்காட்டினார். அதற்குள் எத்தனையோ ஆய்வுகள் அத்தகைய எண்களை நம்பிச் செய்யப்பட்டுவிட்டன. நம் காலத்திலும், டெபியன் என்னும் இயக்க முறைமையிலே 2006இற் செய்யப்பட்ட ஒரு சிறு மாற்றத்தால் எழுமாற்றின் ஊற்று வற்றிப்போய், ஆக்கப்பட்ட இரகசியத் திறவுகோல்கள் சில பத்தாயிரங்களுக்குள் ஊகிக்கத்தக்கனவாயின. 2008இலேயே அது கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டாண்டு காலம் எல்லாம் விரைவாகவும் ஒழுங்காகவும் நடப்பதாகவே தோன்றிற்று. எழுமாற்றின் பிழை இத்தகையது, அது கூக்குரலிடாது. இன்னொன்றும் மாணவர் மனங்கொள்ளல் வேண்டும். மேர்சென் சுழற்றியின் 624 வெளியீடுகளைக் கண்டவர் அடுத்து வருவன யாவற்றையும் கூறிவிடலாம். ஆகவே சோதனைக்கு ஏற்ற எண் கடவுச்சொல்லுக்கு ஏலாது.

இனி, கணினிக் கூடத்திலே நடந்ததன் பிற்பகுதியைக் கூறுகின்றோம். மறு வாரம் வென்ற மாணவரே எம்மிடம் வந்தார். முகம் வாடியிருந்தது. தமது செய்நிரல் வேலையை நான்காகப் பிரித்து நான்கு கருக்களுக்குக் கொடுத்தது என்றும், ஒவ்வொன்றும் கடிகாரத்தின் விநாடியை விதையாகக் கொண்டது என்றும், நான்கும் ஒரே விநாடியிலே தொடங்கியமையால் நான்கும் ஒரே வரிசையை ஆக்கிவிட்டன என்றும் கூறினார். ஒரு கோடி பதிவென்று யாம் கைதட்டியது உண்மையில் இருபத்தைந்து இலட்சம் பதிவின் நான்கு பிரதிகளே. “ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை ஐயா, நான் தான் சொல்ல வேண்டியிருந்தது” என்றார். பின்னர் நான்குக்கும் வெவ்வேறு விதை கொடுத்துத் திருத்தியும் காட்டினார். நேரம்? அதே இரண்டு நிமிடம். நேர்மைக்காக அவர் ஒரு விநாடியும் இழக்கவில்லை. அவ்விளைஞர் முதல் நாள் பெற்ற வெற்றியிலும் இரண்டாம் நாள் பெற்றதே பெரிது என யாம் அவரிடமே கூறினோம்.

ஆயினும் எமது பழைய வினா அப்படியே நின்றது. திருத்திய அந்த ஒரு கோடி மனிதரின் முகவரிகளைப் பார்த்தோம். கதவிலக்கம், வீதிப் பெயர், நகரம் என்றே அனைத்தும் இருந்தன. பெயர்களோ முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டாகப் பிரிந்திருந்தன. நமது மக்களின் முகவரி எவ்வாறிருக்கும்? தோட்டத்தின் பெயர், பிரிவு, லயத்தின் இலக்கம், அறையின் இலக்கம். வீதிக்குப் பெயரில்லை, பல இடங்களிலே வீதியே இல்லை. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறிச் செல்லும். பெயரோ தந்தையின் முதலெழுத்தோடு ஒரு பெயர். குடும்பப்பெயர் என்று ஒன்றில்லை.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். எம்மிற் சிலர்க்குத் தெரிந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். ஒரு காரியாலயம் தனது விண்ணப்பங்களைக் கணினி வழியாக ஏற்கத் தொடங்கியது. அச்செய்நிரலைச் சோதித்தவர்களுள் எமது வகுப்புத் தோழர் ஒருவரும் இருந்தார். எழுமாறாக ஆக்கிய இலட்சோப இலட்சம் பொய் விண்ணப்பங்களைக் கொண்டு சோதித்தனர். எல்லாம் பழுதின்றிச் சென்றன. வாயில் திறந்த பின்னர், ஹற்றனுக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்துப் பிள்ளை விண்ணப்பித்தது. வீதிப் பெயர் வெற்றிடமாயிருக்கின்றது, ஏற்க இயலாது என்றது கணினி. பிள்ளை லயத்தின் இலக்கத்தை அவ்விடத்தில் இட்டது; அதுவும் ஏற்கப்படவில்லை. மூன்றாம் முறை முயல்வதற்குள் இறுதி நாள் கடந்துவிட்டது. எமது தோழர் இதைச் சொல்லும்பொழுது தலை குனிந்திருந்தார். “நானும் லயத்தில் பிறந்தவன் தான். ஆனால் சோதனைத் தரவை ஆக்கும்பொழுது நான் என்னையே அதில் வைக்க மறந்துவிட்டேன்” என்றார். ஒரு கோடி பதிவுகளை இரண்டு நிமிடத்தில் ஆக்கினாலும், அச்சு தவறாயின் ஒரே தவறைக் கோடி முறை செய்தவராவோம். அச்சு சரியாயின் ஆயிரம் பதிவுகளே அப்பிள்ளையைக் காத்திருக்கும்.

பட்டியலின் குறை அச்சின் குறையிலும் கொடிது. அதை நமது சமூகம் தன் உடலிலேயே அறியும். 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே வாக்களித்த மலையகத் தமிழருட் பெரும்பாலோர், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தையும் அதைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தத்தையும் அடுத்து, 1952ஆம் ஆண்டுத் தேர்தல் வந்தபொழுது வாக்காளர் இடாப்பில் இல்லாதாராயினர். அந்நாளிலே ஓர் ஆய்வாளர் அவ்விடாப்பிலிருந்து எழுமாறு எண்களைக் கொண்டு, யாதொரு சார்புமின்றி, கணித முறை சிறிதும் பிறழாமல் மாதிரி எடுத்திருந்தால், அதிலே தேயிலை பறிக்கும் பெண் ஏறக்குறைய இடம்பெற்றிரார். எழுமாறு குற்றமற்றது, இடாப்பே குற்றமுடையது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் இலட்சக் கணக்கான நம்மவரை எண்ணாகவே கருதிப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர் என்றது. நாடற்றவர் என்ற நிலை சட்டத்தால் முற்றும் நீங்குவதற்கு 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. எண்ணிக்கையில் இல்லாதிருப்பது எத்தகைய துன்பம் என்று நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இன்று நிலைமை வேறு. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நகரம், கிராமம், பெருந்தோட்டம் என மூன்று துறைகளாக நாட்டைப் பகுத்துத் தனித்தனி விபரம் தருகின்றது. 2012ஆம் ஆண்டுக் குடித்தொகை மதிப்பின்படி பெருந்தோட்டத் துறையினர் நூற்றுக்கு 4.4 பேர். இவ்வாறு பகுத்தல் ஏன் வேண்டும் என்பதை மாணவர் தாமே கணித்துப் பார்க்கலாம். நாடு முழுவதிலிருந்தும் ஆயிரம் பேரை எழுமாறாக எடுத்தால், தோட்டத்தவர் சராசரியாக 44 பேரே வருவர். வாய்ப்பின் ஏற்ற இறக்கத்தால் அது முப்பதுக்கும் இறங்கலாம், ஐம்பத்தைந்துக்கும் ஏறலாம். அந்த முப்பது பேரை வைத்துக்கொண்டு தோட்டத்துப் பிள்ளைகளின் போசாக்கைப் பற்றியோ, லயத்துக் குடிநீரைப் பற்றியோ என்ன சொல்ல இயலும்? ஈடன் தேயிலை மலையை முதலிலே தொகுதிகளாகப் பிரித்துப் பின்னரே எழுமாறு செய்த நியாயம் இதுவே. மண்ணுக்குக் காட்டும் அக்கறையை மனிதருக்கும் காட்டுக என்பதே எமது வேண்டுகோள்.

ஆகவே, இவ்விழா ஆண்டிலே நமது பழைய மாணவர் சங்கத்தின் முன் மூன்று யோசனைகளை வைக்கின்றோம்.

முதலாவது, கல்லூரிக்குக் கணினிகளை வழங்குவதோடு நில்லாமல், கணினித் துறையிலே பணிபுரியும் நம் அன்பர்கள் ஒன்று கூடி மலையகத்துக்கேற்ற சோதனைத் தரவு அச்சொன்றை ஆக்கி மாணவரிடம் கையளிக்க வேண்டும். தோட்டத்து முகவரியின் அமைப்பு, தமிழ்ப் பெயரின் அமைப்பு, ஒரே பெயரை இருவர் ஆங்கிலத்தில் இருவேறு விதமாக எழுதும் வழக்கம் என்பன அதில் அடங்குதல் வேண்டும். உயிருள்ள எவருடைய விபரமும் அதிற் சேர்தல் ஆகாது. அவ்வச்சிலிருந்து இரண்டு நிமிடத்திலே ஒரு கோடி பதிவு ஆக்குவாராயின் யாமும் எழுந்து நின்று கைதட்டுவோம்.

இரண்டாவது, எழுமாறு என்பதைக் கணினித் திரையிலே மட்டும் கற்பியாது மண்ணிலும் கற்பிக்க வேண்டும். கல்லூரி வளவிலே பாத்திகள் சில உள. அவற்றைத் தொகுதிகளாகப் பிரித்து, மாணவரின் செய்நிரல் தந்த ஒழுங்கிலே உரமிட்டு, விளைவை நிறுத்துப் பார்க்கட்டும். விவசாயமும் கணிதமும் கணினியும் மூன்று பாடங்களல்ல, ஒன்றே என்பதை அவர்கள் அப்பொழுது உணர்வர்.

மூன்றாவது, சங்கம் வழங்கும் உதவிப் பணத்துக்குத் தகுதியிலும் தேவையிலும் ஒத்த பிள்ளைகள் பணத்தின் அளவுக்கு மேற்பட்டு நிற்கும் ஆண்டுகளில், தெரிவைச் செல்வாக்குக்கு விடாமல் எழுமாற்றுக்கு விடுக. அதையும் மறைவிற் செய்யற்க. விண்ணப்பித்தவர் பட்டியலை முதலிலே வெளியிடுக. பின்னர் மேடையிலே எல்லோரும் காணப் பகடை உருட்டி வரும் எண்ணை விதையாக எழுதிவைத்து, பிஷர்–யேற்ஸ் முறையிலே வரிசையாக்குக. விதை ஒன்றாயின் வரிசையும் ஒன்றே என்று முன்னர் கூறினோமல்லவா? அதுவே இங்கே நிறையாகின்றது. ஐயமுள்ள எந்தப் பெற்றோரும், எந்த மாணவரும், அதே விதையை இட்டு அதே வரிசையைத் தாமே பெற்றுப் பார்க்கலாம். கிடையாமற் போனவருக்கு வருத்தம் இருக்கும். வஞ்சிக்கப்பட்டோம் என்ற எண்ணம் இராது. அவ்விரண்டுக்கும் உள்ள தூரம் பெரிது.

‘இவை எல்லாம் வேகத்தைக் குறைக்கும்’ என்று இளைஞர் சிலர் கூறக்கூடும். குறைக்கா. திருத்திய செய்நிரலும் இரண்டு நிமிடத்திலேயே ஓடிற்று என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகின்றோம். ‘கணினி வேண்டாம், குலுக்குச் சீட்டே போதும்’ என்று முதியோர் சிலர் கூறக்கூடும். அவர்களுக்கு, சீட்டைக் குலுக்கிய கைகள் சாய்ந்த கதைகள் அவர்களே அறிவார்கள் என்பதைப் பணிவோடு கூறுகின்றோம்.

கணினிக் கூடத்து மாணவர் அடுத்த முறை போட்டி வைக்கும்பொழுது எமக்கும் சொல்லி அனுப்புவாராக. கடிகாரத்தோடு வருவோம், கூடவே ஒரு தோட்டத்து முகவரியையும் எழுதிக்கொண்டு வருவோம். அவர்களுடைய ஒரு கோடி மனிதருள்ளே அம்முகவரிக்கும் ஓரிடம் இருக்குமாயின், விரைவும் நடுநிலையும் நம் கல்லூரியிலே ஒருங்கு வாழ்கின்றன என்று மனநிறைவோடு மலை இறங்குவோம்.